முயல் கூண்டில் சிவப்புக் கறை... ரத்தமா, சிறுநீரா?

கேள்வி: ‘‘பிள்ளைகள் ஆசைக்காக வளர்க்கும் பெண் முயலுக்கு நான்கு வயதாகிறது. ஒரு வாரமாகக் கூண்டுக்கு அடியில் சிவப்புக் கறை தெரிகிறது. உடம்பில் காயம் இல்லை. தீவனமும் எடுக்கிறது. ‘பொட்டை முயல்தானே, தீட்டாக இருக்கும்’ என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அப்படியே விட்டுவிடலாமா?’’
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: விடக் கூடாது. முயலுக்கு மாதவிடாய் கிடையாது. பெண் நாய்க்குப் பருவத்தில் வருவது போன்ற ரத்தக்கசிவும் கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் முயலுக்குக் கருமுட்டையே வெளியாகும். எனவே, பிறப்புறுப்பு வழியாக ரத்தம் வந்தால், அதைத் தீட்டு என்று ஒதுக்க முடியாது.

அதேநேரம், சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமும் அல்ல. முயலின் சிறுநீரில் இயற்கையாகவே நிறமிகள் உண்டு. தின்னும் இலைதழை, தண்ணீர்க் குறைவு, மிரட்சி ஆகியவற்றைப் பொறுத்து அது மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். வெள்ளையாகக் கலங்கியும் இருக்கும்.

எப்படிக் கண்டறிவது?

முயலைத் தனிக் கூண்டில் விட்டு, அடியில் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். சிறுநீர் முழுக்க ஒரே சீரான நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் நிறமிதான். ஓரிரு நாளில் தானாக மாறிவிடும். மஞ்சள் சிறுநீருக்கு நடுவே சிவப்புத் திட்டுகளோ, கட்டிகளோ இருந்தால் அது ரத்தம். சந்தேகம் இருந்தால் சுத்தமான தட்டில் சிறுநீரைப் பிடித்து, பரிசோதனைக் கூடத்தில் சிறுநீர்ப் பட்டையை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரத்தம் என்றால் என்ன காரணம்?

கருப்பை நீக்கப்படாத, மூன்று நான்கு வயதைத் தாண்டிய பெண் முயல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருப்பைப் புற்றுநோய். முயல்களில் இது மிகச் சாதாரணமாக வரும். விட்டுவிட்டு ரத்தம் வரும். முயலும் நன்றாகத் தின்றுகொண்டு இருக்கும். அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நுரையீரலுக்குப் பரவும் முன் கருப்பையை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் பிழைக்கும்.

முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பது, பின்னங்கால் ரோமம் நனைந்திருப்பது, பல்லைக் கடிப்பது இருந்தால் சிறுநீர்ப்பைக் கல்லாக இருக்கலாம். குதிரைமசால் போன்ற சுண்ணாம்புச்சத்து மிகுந்த தீவனத்தைக் குறைத்து, புல்லையும் தண்ணீரையும் கூட்ட வேண்டும். சினை முயல் என்றால் கருச்சிதைவாக இருக்கலாம். மூக்கு, ஈறு, ஆசனவாய் என்று பல இடங்களில் கசிந்தால் எலி மருந்து தின்றிருக்கக்கூடும். இந்த மருந்து தின்ற சில நாள் கழித்துதான் வேலையைக் காட்டும். மருந்துப் பொட்டலத்தையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழியிருக்கிறது. கம்பித் தரையில் உள்ளங்கால் புண்ணாகியிருக்கிறதா, நகம் ஒடிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நகம் என்றால், சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தாலே நின்றுவிடும்.

செய்யக் கூடாதவை

வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் மாத்திரைகளை வாய்வழியே கொடுக்கவே கூடாது. முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கழிச்சல் கண்டு முயலே இறந்துவிடும். மனிதர்களுக்கான வலி மாத்திரையும் ஆகாது. மருத்துவரிடம் கொண்டு போகும்போது பட்டினி போடவும் கூடாது.

ஒட்டன்சத்திர வாசகி செய்ய வேண்டியது இதுதான். இன்றே துணி விரித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் என்று தெரிந்தால், இந்த வாரத்துக்குள் ஸ்கேன் வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். தீவனம் எடுக்காமல் அரை நாள் கடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பிள்ளைகள் வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) வளர்க்கும் வீடுகளுக்கும் ஒரு சொல்: பெண் வெள்ளெலிக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை வெள்ளையாகப் பிசுபிசுப்பு வருவது இயல்பு. ரத்தம் வருவது இயல்பல்ல. அதன் உடம்பில் இருப்பதே இரண்டு தேக்கரண்டி ரத்தம்தான் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.