காணிக்கை உறையும் கிருபையும்

கிருபை என்பது கடவுள் மனிதனிடம் எதையும் எதிர்பாராமல், அவனுடைய தகுதியைக் கணக்கில் கொள்ளாமல், தாமாக முன்வந்து காட்டும் தயவு. மன்னிப்பும் புதுவாழ்வும் அந்தத் தயவிலிருந்தே வருகின்றன. கத்தோலிக்கர், லுத்தரன், மெதடிஸ்டு என்று எந்தச் சபையின் போதனையை எடுத்தாலும் அடிப்படை இதுதான். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வேறொரு நம்பிக்கை ஆளத் தொடங்குகிறது: கொடுத்தால் கிருபை வரும், கொடுக்காவிட்டால் நின்றுபோகும். பொருத்தனை பாக்கி இருந்ததால் பிள்ளைக்குக் காய்ச்சல். தசமபாகம் தவறியதால் கடை படுத்தது. விதைக் காணிக்கை போட்டதால் வெளிநாட்டு வேலை. காணிக்கை உறையில் பெயர், தொகை, அதன் கீழே ஜெபக் குறிப்பு எழுத ஒரு வரி. பல வீடுகளில் அந்த உறை, தவணை கட்டும் சீட்டைப் போல, தேதி தவறிவிடுமோ என்ற பயத்தோடு நிரப்பப்படுகிறது.

இந்த நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, ஏழை விசுவாசிகளுக்குக் கொடுமையானதும்கூட.

இதற்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மல்கியா மூன்றாம் அதிகாரம். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்பவர்களும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குபவர்களும் நியாயத்தீர்ப்புக்கு உள்ளாவார்கள் என்று சொல்லியிருப்பதைப் பிரசங்கங்களில் கேட்பது அரிது. அந்தப் பண்டசாலை தானியக் களஞ்சியம். நிலம் இல்லாத லேவியரின் உணவு தசமபாகத்திலிருந்து வந்தது. மூன்றாம் வருடத் தசமபாகத்தை லேவியரோடு அந்நியரும் திக்கற்றவரும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் 14 விதிக்கிறது. பசித்தவருக்குச் சோறு போட வந்த சட்டத்தை, பசித்தவரிடமே வசூலிக்கும் சட்டமாக மாற்றியது பிற்காலத்தாரின் வேலை.

இரண்டாவது ஆதாரம் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், எட்டு, ஒன்பது அதிகாரங்கள். பெருக விதைப்பவன் பெருக அறுப்பான் என்ற கருத்து அங்கேதான் வருகிறது. அதை அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஓரல் ராபர்ட்ஸ் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'விதை விசுவாசம்' என்ற போதனையாக வளர்த்தார். தொலைக்காட்சி வழியாக அது உலகெங்கும் பரவியது. ஊழியத்துக்குப் போடும் பணம் விதை, திரும்பி வரும் செல்வம் அறுப்பு என்பது அதன் சாரம். ஆனால் பவுல் எழுதிய சூழலே வேறு. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக அவர் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கில்லை; கொரிந்து சபையிடம் அவர் சம்பளமும் வாங்கியதில்லை, கூடாரம் செய்து பிழைத்தவர். எட்டாம் அதிகாரத்தை அவர் தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மக்கெதோனியா சபைகள் கொடிய வறுமையிலும் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்தன. அப்படிக் கொடுக்க முடிந்ததையே கடவுள் அவர்களுக்கு அளித்த கிருபை என்கிறார். கிருபை முதலில் வந்தது, காணிக்கை அதன் பின்னால் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நிருபத்தில் எதுவும் மிஞ்சாது. கொடுப்பதன் நோக்கத்தையும் அவர் மறைக்கவில்லை: ஒருவரின் மிகுதி மற்றவரின் குறைவை நிரப்பி, இருவருக்கும் சமநிலை உண்டாக வேண்டும்.

சபை இந்தப் பிழையை முன்பே சந்தித்திருக்கிறது. பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்க முயன்ற சமாரியா சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டது அப்போஸ்தலர் நடபடிகளில் பதிவாகியுள்ளது. மனிதன் தன் மனஉறுதியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாஜியுவின் போதனையை அகஸ்டின் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் அதைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமே கிருபையின் செயல் என்று 529-இல் ஆரஞ்சு சங்கம் தீர்மானித்தது. ஜெர்மனியில் தெத்சேல் என்ற துறவி விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளுக்கு எதிராக 1517-இல் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார். பின்னர் 1567-இல் போப் ஐந்தாம் பியூஸ், பணத்தோடு பிணைந்த அத்தகைய சலுகைகளை ரத்து செய்தார். மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையால் மட்டுமே என்று கூறும் அறிக்கையில் 1999-இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்து கையெழுத்திட்டன. நூற்றாண்டுகளாகச் சண்டையிட்ட இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயத்தை, வாரந்தோறும் மேடையேறும் சில போதகர்கள் மறக்கச் செய்கிறார்கள்.

இந்தப் போதனையின் முழு வலியும் தெரிவது நோய்ப் படுக்கையில்தான். பார்க்க வருகிறவர்கள் பழத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு, "ஏதாவது பொருத்தனை பாக்கி இருக்காம்மா? எங்கேயோ ஒரு தடை இருக்கு" என்று கேட்கிறார்கள். நோயோடு குற்ற உணர்ச்சியும் சேர்கிறது. மருந்துக்கு வைத்திருந்த பணம் காணிக்கைப் பெட்டிக்குப் போகிறது. பவுலுக்கே உடலில் ஒரு முள் இருந்தது. அது நீங்க மூன்று முறை மன்றாடினார், நீங்கவில்லை. கிருபையே போதும் என்ற பதில்தான் கிடைத்தது. அவர் தம் தோழர் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார். அடிக்கடி வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட தீமோத்தேயுவுக்குச் சிறிது திராட்சரசம் குடிக்கச் சொன்னார். காணிக்கையைக் கூட்டச் சொல்லவில்லை. நோயையும் வறுமையையும் கிருபை விலகியதன் அடையாளம் என்று கொண்டால், இவர்களையும் கைவிடப்பட்டவர்களின் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

கிருபை இலவசம் என்றால் எப்படியும் வாழலாமே என்ற கேள்வி நியாயமானது. ரோமர் ஆறாம் அதிகாரம் அதே கேள்வியை எழுப்பி மறுக்கிறது. சீடத்துவம் இல்லாத கிருபையை மலிவான கிருபை என்று 1937-இல் கண்டித்த ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோபர், எட்டு ஆண்டுகளுக்குப் பின் நாஜிகளின் முகாமில் தூக்கிலிடப்பட்டார். கிருபை மன்னிப்பதோடு நின்றுவிடுவதில்லை. மனிதனின் ஆசைகளைத் திருத்தி, அன்பு செய்யப் பழக்குகிறது. ஜான் வெஸ்லி அதன் வேலையைப் படிகளாக விளக்கினார்: மனிதன் தேடும் முன்பே அவனைத் தேடி வருவது, அவனை நீதிமானாக்குவது, பரிசுத்தத்தில் வளர்ப்பது. ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து ஆகியவற்றை அவர் கிருபையின் சாதனங்கள் என்றார். அவற்றையே புண்ணியமாக எண்ணி நம்பியிருப்பதைக் கண்டிக்கவும் செய்தார். உபவாசத்துக்கும் இது பொருந்தும். கிருபை வந்து சேரும் வழியை கிருபைக்கான விலை என்று எண்ணும்போதுதான் பயம் நுழைகிறது.

காணிக்கை கூடாது என்பது இதன் பொருளல்ல. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளின் அசனப் பண்டிகையில் அவரவரால் இயன்றதைக் கொடுக்கிறார்கள். பெரிய அண்டாக்களில் சமைத்து, ஊரில் எந்த மதத்தவர் வந்தாலும் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று இலை போடும்போது யாரும் கேட்பதில்லை. கணக்குக் காட்ட வேண்டியவர் பணத்தைக் கையாள்பவர்தான். எருசலேம் நிதியைக் கையாண்ட பவுலும், இவ்வளவு பெரிய தொகை பற்றி யாரும் குறைசொல்ல இடம் தரக் கூடாது என்று, சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைத் தீத்துவோடு கொரிந்துக்கு அனுப்பினார். அந்த ஏற்பாட்டை நிருபத்திலேயே எழுதியும் வைத்தார்.