அழைத்தால் வரும் பேருந்தும் அரசின் கருவூலமும்

கைப்பேசிச் செயலியில் இடத்தைக் குறித்தால், சிறு வாகனம் ஒன்று வீட்டருகே வந்து நிற்கும். அதே திசையில் செல்லும் வேறு சிலரையும் வழியில் ஏற்றிக்கொள்ளும். கட்டணம் வாடகைக் காரைவிட மிகக் குறைவு. குறித்த தடமும் கால அட்டவணையும் இல்லாத இத்தகைய பொதுப் போக்குவரத்தைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல நாட்டு நகராட்சிகள் சோதித்துப் பார்த்துவிட்டன. அவற்றுள் கணிசமானவை நீடிக்கவில்லை. ஆள் வராததால் மூடப்பட்டவை உண்டு, அதில் வியப்பில்லை. ஆட்கள் நிறைய வந்ததாலேயே திணறியவையும் உண்டு என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கனடாவில் டொரான்டோவுக்கு வடக்கே உள்ள இன்னிஸ்ஃபில், 2016-இல் ஏறத்தாழ 36 ஆயிரம் பேர் சுமார் 260 சதுர கிலோமீட்டரில் சிதறி வாழ்ந்த ஊர். அங்கு உள்ளூர்ப் பேருந்தே இருந்ததில்லை. ஒரு பேருந்தை ஓட்ட ஆண்டுக்கு 2.7 லட்சம் டாலரும், இரண்டு பேருந்துகளுக்கு 6.1 லட்சம் டாலரும் ஆகும் என மதிப்பிடப்பட்டது. அதைத் தவிர்த்து, 2017-இல் ஊபர் நிறுவனத்துடன் ஊராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. நூலகம், ரயில் நிலையம் போன்ற முக்கிய இடங்களுக்குப் பயணி 3 முதல் 5 டாலர் தந்தால் போதும். எஞ்சியதை ஊராட்சி செலுத்தும்.

மக்கள் விரும்பி ஏறினார்கள். 2018-இல் பயணங்கள் ஏறத்தாழ 86 ஆயிரத்தை எட்டின. ஊராட்சியின் செலவு சுமார் 6.4 லட்சம் டாலர். இரண்டு பேருந்துகளுக்கான மதிப்பீட்டையே அது கடந்துவிட்டது. 2019-இல் கட்டணம் ஒரு டாலர் உயர்த்தப்பட்டது. ஒருவருக்கு மாதம் 30 பயணங்கள் என்ற வரம்பும் வந்தது. நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புபவருக்கு 30 பயணங்கள் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். பயணிகள் மிகுவதைக் கண்டு கவலைப்படும் பொதுப் போக்குவரத்து என்பது விந்தையான ஒன்றுதான்.

ஊராட்சி தவறாகக் கணக்கிட்டது எனச் சொல்ல மாட்டேன். இரண்டு பேருந்துகள் அந்தப் பரந்த ஊரின் மூலைமுடுக்குகளை எட்டியிருக்கவே முடியாது. சிக்கல் செலவின் இயல்பில் இருக்கிறது. பேருந்து ஓடத் தொடங்கிவிட்டால் ஓட்டுநர் ஊதியம், டீசல், தேய்மானம் ஆகியவை ஏறக்குறைய நிலையானவை. காலி இருக்கையில் ஒருவர் கூடுதலாக அமர்வதால் ஆகும் செலவு அற்பம். எனவே பயணிகள் பெருகப் பெருகத் தலைக்கு ஆகும் செலவு இறங்கும். அழைத்தால் வரும் வாகனத்தில் ஒவ்வொரு புதிய பயணியும் ஒரு சுற்றுவழியையும் ஓட்டுநரின் சில நிமிடங்களையும் கேட்கிறார். நல்ல தடத்தில் ஒரு பேருந்து மணிக்குப் பல பத்துப் பேரைச் சுமக்கிறது. இத்தகைய சிறு வாகனமோ பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் ஏற்றுகிறது. மென்பொருள் எத்துணை நுட்பமானதாயினும், ஒரே நேரத்தில் ஒரே திசையில் செல்வோர் இல்லையெனில் பயணங்களை இணைக்க இயலாது.

வாகனங்களைப் பெருக்கினால் இணைப்பு எளிதாகும் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 2012-இல் தொடங்கிய 'குட்சுபிளஸ்' சேவை, ஒன்பது இருக்கைச் சிற்றுந்துகள் 15-ஐக் கொண்டு இயங்கியது. பயணிகள் அதை மெச்சினர். ஆனால் ஒரு பெருநகரப் பரப்புக்கு 15 வண்டிகள் மிகக் குறைவு. விரிவாக்கினால்தான் செலவு குறையும். விரிவாக்கவோ பெரும் முதலீடு வேண்டும். நிதி நெருக்கடியில் இருந்த நகராட்சிகள் அதற்கு முன்வராததால் 2015 இறுதியில் சேவை நின்றுபோனது.

நம் ஊர் ஷேர் ஆட்டோ மானியமின்றி ஓடுகிறதே என்று கேட்கலாம். அது அழைத்தால் வருவதில்லை. ஆள் நிறைந்த பிறகே புறப்படுகிறது. அரசு தராத மானியத்தைப் பயணியின் காத்திருப்பும் நெருக்கடியும் ஈடுகட்டுகின்றன. 2021 முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அதற்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. எப்படியும் ஓடப்போகும் பேருந்தில் கூடுதலாக ஒருவரை ஏற்றுவது மலிவு என்பதால்தான் அத்திட்டம் பொருளியல் நோக்கிலும் தாக்குப்பிடிக்கிறது. அதே சலுகையை அழைப்பு வாகனத்துக்கு நீட்டினால் ஒவ்வொரு பயணத்துக்கும் கருவூலம் தனித்தனியே பணம் எண்ணி வைக்க நேரும்.

ஆகவே இத்தகைய சேவையைப் பேருந்துக்கு மாற்றாக முன்வைக்கும் திட்டங்களை ஐயத்துடனேயே அணுக வேண்டும். இரவு நேரத்தில், பேருந்து நுழையாத சிற்றூர்களில், மருத்துவமனைக்குச் செல்லும் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது தேவைதான். அங்கே இழப்பு நேரும் என்பதை முதல் நாளிலேயே ஒப்புக்கொண்டு, நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும். பிரதான சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் வழக்கமான தடத்தின் பணத்தை எடுத்து இதற்குக் கொடுப்பது கூடாது. தனியாருடன் ஒப்பந்தம் செய்யும் நகராட்சிகள், செயலியை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்ற விளம்பரக் கணக்கை ஏற்க வேண்டியதில்லை. ஒரு வாகனம் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றியது, ஒரு பயணத்துக்கு அரசு எவ்வளவு கொடுத்தது என்ற இரண்டு எண்களையும் மாதந்தோறும் வெளியிடுவதை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்கலாம்.