யார் பொறுப்பில் அந்த மாணவர்கள்?

2022 மே மாதம் தெலங்கானாவில் மூன்று தனியார் மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கை அனுமதியைத் தேசிய மருத்துவ ஆணையம் திரும்பப் பெற்றது. சங்காரெட்டி, படான்செரு, விகாராபாத் பகுதிகளில் இருந்த அந்தக் கல்லூரிகளில் தலா 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். கொரோனாவால் தள்ளிப்போன கலந்தாய்வு சற்று முன்புதான் முடிந்திருந்தது. போதிய பேராசிரியர்கள் இல்லை, வார்டுகளில் போதிய நோயாளிகள் இல்லை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அது உண்மையென்றால் அனுமதியை ரத்து செய்ததில் குறை சொல்ல இடமில்லை. நோயாளியே இல்லாத மருத்துவமனையில் மருத்துவம் படித்து வருபவரிடம் நாளை நாம்தான் வைத்தியத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் சேர்ந்துவிட்ட 450 பேர்? அவர்களுடைய நீட் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். அடுத்த நீட் ஜூலையில். அதற்குப் படிப்பதா, இருக்கும் இடத்தைக் காப்பாற்றப் போராடுவதா என்று தெரியாமல் பெற்றோரும் பிள்ளைகளும் அலைந்தார்கள். பிறகுதான் மற்ற தனியார் கல்லூரிகளில் கூடுதல் இடங்களை உருவாக்கி அவர்களைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு வந்தது. கட்டிய கட்டணம் யாரிடம் இருக்கிறது, புதிய கல்லூரிக்கு மறுபடியும் கட்ட வேண்டுமா என்பது அடுத்த சண்டை. ஏற்றுக்கொண்ட கல்லூரியிலோ பேராசிரியர்களும் படுக்கைகளும் பழைய எண்ணிக்கையில்தான். மாணவர்கள் மட்டும் அதிகம். விகிதாசாரம் போதவில்லை என்று ஒரு கல்லூரியை நிறுத்திய ஆணையம், இன்னொரு கல்லூரியின் விகிதாசாரம் குலைவதற்குத் தானே வழிவிடுகிறது.

புதிய கல்லூரிக்கு முதலில் கிடைப்பது அனுமதி மட்டும்தான். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் அணி இறுதியாண்டுத் தேர்வுக்கு வரும்போதுதான் பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதா என்று பார்ப்பார்கள். ஆகவே முதல் சில அணிகள் எப்போதுமே கடனில்தான் படிக்கின்றன. கலந்தாய்வுத் திரையின் முன் அரை மணி நேரத்தில் முடிவெடுக்கும் குடும்பத்துக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த நிலைக்கான தீர்வு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கல்லூரி தொடங்க விண்ணப்பிப்பவர் மாநில அரசிடம் அத்தியாவசியச் சான்றிதழ் வாங்க வேண்டும். 1999ஆம் ஆண்டு விதிமுறைகளில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. கட்டமைப்பை உருவாக்கக் கல்லூரி தவறி, புதிய சேர்க்கையை மத்திய அரசு நிறுத்தினால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை மத்திய அரசின் அனுமதியோடு மாநில அரசு ஏற்கும் என்று அதில் உறுதி தரப்படுகிறது. கையெழுத்துப் போடுவது அரசுச் செயலர். அப்படியிருந்தும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2016இல் சேர்க்கை நடத்திய இரு தனியார் கல்லூரிகளின் மாணவர்கள் உயர் நீதிமன்றப் படியேறிய பிறகுதான் வேறு கல்லூரிகளைப் பார்த்தார்கள். அரசு தன் கையெழுத்தை மதிக்க ஒரு ரிட் மனு தேவைப்பட்டது.

பணத்தின் கதையும் இதேதான். 2016இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு நிபந்தனையோடு அனுமதித்த கல்லூரிகளில் 32க்கு, மறு ஆண்டே இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. அவை தலா கொடுத்திருந்த 2 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதத்தைப் பறிமுதல் செய்யவும் உத்தரவு வந்தது. 150 மாணவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 1.33 லட்சம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் ஓராண்டுக் கட்டணத்துக்கே அது காணாது. அதுவும் மாணவருக்குப் போகும் பணம் இல்லை.

இதோடு 2023ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். சி.சி.டி.வி. கேமராவும் பயோமெட்ரிக் வருகைப்பதிவும் சரியில்லை என்று சென்னை ஸ்டான்லி, திருச்சி கி.ஆ.பெ.விசுவநாதம், தருமபுரி அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரத்தை ஆணையம் ரத்து செய்தது. 500 இடங்கள் கேள்விக்குள்ளாயின. மாநில அரசு ஓடியாடிக் குறைகளைச் சரிசெய்து, ஜூனிலேயே அங்கீகாரத்தை மீட்டது. வார்டில் கூட்டம் நெரியும் ஸ்டான்லியைக் கேமராவுக்காக மிரட்டியது அபத்தம் என்பது வேறு விஷயம். அரசுக்கு மனமிருந்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது அப்போது தெரிந்தது. தனியார் கல்லூரி மாணவர்களுக்காக அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

2023 விதிமுறைகள் ஒரு விதிமீறலுக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் தருகின்றன. அந்தத் தொகை மாணவர் மறுவாழ்வுக்கான தனி நிதிக்குப் போகட்டும். அங்கீகாரம் வரும்வரை ஓராண்டுக் கட்டணம் கல்லூரியின் கைக்குப் போகாமல் பல்கலைக்கழகக் கணக்கில் இருக்கட்டும். மாணவர் இடம் மாறினால் பணமும் கூடவே மாறிவிடும். கல்லூரி நின்றுபோனால் மாணவர்களை ஏற்கப்போகும் கல்லூரிகள் எவை என்று அத்தியாவசியச் சான்றிதழிலேயே பெயர் குறிப்பிடலாம். எந்தக் கல்லூரி அனுமதியில் மட்டும் ஓடுகிறது, எது அங்கீகாரம் பெற்றது என்பதைக் கலந்தாய்வுத் தகவல் தொகுப்பில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சடிக்க இந்த ஆண்டே முடியும். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம்.