முயலும் சட்டம், ஆமை வழக்கு

அண்ணாமலையின் அடியையும் முடியையும் தேடிச் சென்ற இருவர் கதையை அடி அண்ணாமலைச் சிறுவனும் அறிவான். முடியைக் காணாமலே கண்டதாகச் சாதித்தார் ஒருவர். பொய்ச்சாட்சி சொல்லிற்று தாழம்பூ. கதையை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் நகைக்கட்டும். பொய் உடனே வெளிப்பட்டது, தீர்ப்பும் உடனே கிடைத்தது என்பதே கதை. வாய்தா வாங்கவில்லை தாழம்பூ!

நம் நாட்டுத் தேர்தல் வழக்குகளுக்கு அந்தப் பேறு இல்லை, தோழர்களே!

2016 சட்டமன்றத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். இராதாபுரத்தில் இன்பதுரை வென்றார் என்று அறிவித்தார்கள். வேறுபாடு 49 வாக்குகள். அஞ்சல் வாக்குகள் 203 தவறாகத் தள்ளப்பட்டன என்று உயர்நீதிமன்றப் படியேறினார் அப்பாவு. மறுபடி எண்ணுக என்று ஆணை பிறந்தது எப்போது? 2019 அக்டோபரில்! எண்ணினார்கள். எண்ணியதை வெளியிடத் தடை விதித்தது உச்சநீதிமன்றம். 2021இல் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. முடிவு மட்டும் வெளிவரவில்லை.

இன்பதுரையே வென்றவர் என்றால், ஐந்தாண்டு அவர்மீது ஐயத்தின் நிழலைப் படியவிட்டது அநீதி. அப்பாவு வென்றவர் என்றால், இராதாபுரத்து மக்களின் குரலைப் பறித்தது அநீதி. எப்பக்கம் திரும்பினும் அநீதி!

தேனியில் 2019இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தல் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2023 ஜூலையில். அதற்கும் அடுத்த மாதமே இடைக்காலத் தடை. வழக்கு நடந்துகொண்டே இருந்தது. பதவிக்காலம் ஓடியே போயிற்று.

குற்றம் எங்கே? 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைப் புரட்டுங்கள். தோற்றவர் 45 நாள்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். பிந்தினால் கதவு சாத்தப்படும். நீதிமன்றமோ ஆறு திங்களில் முடிக்க 'முயல வேண்டும்'! வழக்காடுபவனுக்குக் கட்டளை, வழக்கை விசாரிப்போருக்கு வேண்டுகோள். முயல் என்றது சட்டம். ஆமையாய் ஊர்ந்தது வழக்கு.

"அவசரத் தீர்ப்பு ஆபத்தாயிற்றே" என்பார் சிலர். ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்பேன். 2007இல் கென்யாவின் எதிர்க்கட்சி, நீதிமன்றத்தில் நீதி கிடைக்காது என்று படியேற மறுத்தது. வழக்கு மன்றத்துக்குப் போகாத பகை தெருவுக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் குருதியில் பாடம் கற்ற நாடு, 2010இல் புதிய அரசமைப்பை எழுதிற்று: குடியரசுத் தலைவர் தேர்தல் வழக்குக்கு 14 நாள், நாடாளுமன்றத் தேர்தல் வழக்குக்கு உயர்நீதிமன்றத்தில் ஆறு திங்கள். அங்கே 'முயல' என்ற சொல்லுக்கு இடமில்லை! 2017 ஆகஸ்டு 8இல் தேர்தல். செப்டம்பர் 1இல் அது செல்லாது என்றது உச்சநீதிமன்றம்.

மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்கா புறக்கணித்தார். கென்யாட்டாவே மீண்டும் வென்றார். ஆகவே தீர்ப்பு எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆயினும் வாக்குச்சீட்டுக்கு வாய் உண்டு என்று அது காட்டிற்று. மலாவியில் முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். 2019 மே மாதத் தேர்தலை 2020 பிப்ரவரியில் செல்லாததாக்கியது நீதிமன்றம். குண்டு துளைக்காத கவசம் அணிந்து வந்தார்கள் நீதிபதிகள்! ஜூன் மாதம் மறுதேர்தல், ஆட்சி மாறிற்று.

ஏழை நாடுகள் என்று நாம் இரங்குகிறோமே, அவை செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது? நீதிபதிகள் போதவில்லையா? தேர்தல் வழக்குக்கென்றே தனி ஆயம் அமையுங்கள், நாள்தோறும் விசாரியுங்கள். மேல்முறையீட்டுக்கும் காலவரம்பு விதியுங்கள். தடையாணை பதவிக்காலத்தை விழுங்க விடாதீர்கள்.

நாம் கேட்பது ஒரே ஒரு சொல் திருத்தம். 'முடிக்க முயல வேண்டும்' என்பதை 'முடித்தே தீர வேண்டும்' என்று மாற்றுங்கள். அதுவரை, வாக்களித்தவன் மன்றத்துக்கு வெளியே காத்துக்கிடப்பான். ஐயத்துக்குரியவர் மன்றத்துக்குள்ளே சட்டம் இயற்றிக்கொண்டிருப்பார். அதற்கு மக்களாட்சி என்று பெயரிட நமக்கு நா எழாது!