ஊர்ல ரெண்டு ஏக்கர் இருக்கு, டிரெய்லர் வாங்கலாமா? கணக்கு போட்டுட்டு முடிவு பண்ணுங்க!

மாசச் சம்பளம் வாங்குற நம்ம பல பேருக்கு ஊர்ல கொஞ்சம் நிலம் இருக்கும். வருஷத்துல ஒருநாள் அங்க போய் நின்னதும், "நமக்குன்னு ஒரு டிரெய்லர் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" அப்படின்னு ஒரு ஆசை வரும். எனக்கும் வந்துச்சு.

எங்க ஊர் ஆரணி. அப்பா பட்டுத் தறி நெய்யறவர். ஊரை ஒட்டி ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு. சம்பா ஒண்ணு, நவரை ஒண்ணுன்னு வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல்லு. போன தை மாசம் அறுவடை நேரத்துல லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். அறுத்த நெல்லு களத்துல கிடக்குது, மேகம் கட்டிக்கிட்டு நிக்குது, டிராக்டர்காரர் "நாளைக்கு வரேன்"னு ரெண்டு நாளா சொல்லிட்டு இருக்கார். அப்பா தறியை நிறுத்திட்டு களத்துலயே உட்கார்ந்திருந்தார். அன்னைக்கு ராத்திரியே பர்சனல் லோன் ஆப்பைத் திறந்துட்டேன்.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, தறி தெனம் ஓடுது. நீ வாங்கற வண்டி எத்தனை நாள் ஓடும்?"

என்கிட்ட பதில் இல்ல. அப்புறமா உட்கார்ந்து கணக்கு போட்டேன். அதைத்தான் இங்க சொல்லப் போறேன். விலை, வாடகை எல்லாம் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க.

வாங்கினா என்ன ஆகும்?

டிரெய்லர் விலை 2 லட்சம்னு வச்சுக்குவோம். முழுசா லோன், 14% வட்டி, 3 வருஷம். இஎம்ஐ சுமார் 6,835 ரூபாய். 35,000 சம்பளக்காரருக்கு இது கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு. வட்டி மட்டும் சுமார் 46,000 போகும்.

10 வருஷம் கழிச்சு 80,000-க்கு வித்தா, விலையில நஷ்டம் 1,20,000. வட்டியையும் சேர்த்தா 1,66,000. அதாவது வருஷத்துக்கு 16,600. டயர், பேரிங், பெயின்ட், இன்சூரன்ஸ்னு இன்னொரு 6,000. ஆக, வண்டி சும்மா நின்னாலும் வருஷத்துக்கு 22,600 ரூபாய் செலவு.

வாடகைக்கு எடுத்தா?

எரு அடிக்க, நெல்லு மில்லுக்குக் கொண்டு போக, வைக்கோல் ஏத்த, உரம் இறக்க என்று எங்க ரெண்டு ஏக்கருக்கு ரெண்டு போகத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 20 நடை வரும். டிராக்டர், டிரெய்லர், டிரைவர் எல்லாம் சேர்த்து நடைக்கு 800 ரூபாய்னா மொத்தம் 16,000.

இங்கதான் எல்லாரும் ஒரு விஷயத்தை மறந்துடறாங்க. டிரெய்லர் நம்முதா இருந்தாலும் அதை இழுக்க டிராக்டர் வேணும். டீசலும் டிரைவர் கூலியும் டிராக்டர் பக்கம்தான் இருக்கு. அதனால வாடகை பாதியா குறையாது. 800-க்குப் பதிலா 500 கேட்பாங்க. நடைக்கு நமக்கு மிச்சம் 300 மட்டும்தான். 22,600-ஐ 300-ஆல வகுத்தா, வருஷத்துக்கு 75 நடைக்கு மேல ஓடினாத்தான் போட்ட காசு தேறும். எங்களுக்கு இருக்கறது 20.

வீட்டுலயே டிராக்டர் இருந்து, நடைக்கு 500 மிச்சமாகும்னா 46 நடை போதும். டிராக்டரும் ஓட்ட ஆளும் இருந்தா வாங்கறது நியாயம். நாலு பங்காளிங்க சேர்ந்து வாங்கினாலும் நியாயம்தான். ஆனா யார் எப்போ எடுக்கறது, ரிப்பேர் செலவு யாருதுன்னு முதல்லயே எழுதி வச்சுக்கோங்க.

"வாடகைக்கு விட்டா இஎம்ஐ வந்துடும்"

இதை நம்பாதீங்க. விவசாய டிராக்டரை சொந்த விவசாய வேலைக்குன்னுதான் பதிவு பண்றாங்க. அதுல காசுக்கு செங்கல், மணல் அடிச்சா கதை வேற. அதே மாதிரி, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரே ஒரு மோட்டார் வாகனம். அதுக்குத் தனியா பதிவு வேணும். ஆர்சி இல்லாம பட்டறையில அடிச்சுக் கொடுக்கற டிரெய்லர் விலை கம்மியாத்தான் இருக்கும். விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ் கேட்கும்போதுதான் அதோட உண்மையான விலை தெரியும்.

நடவுக்கோ கோயிலுக்கோ ஆளுங்களை டிரெய்லர்ல ஏத்திட்டுப் போறது ஊர்ல சகஜம். விவசாயத்துக்குன்னு இன்சூர் பண்ண டிராக்டரோட டிராலியில போன தொழிலாளி அடிபட்ட ஒரு வழக்குல, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2007-ல சொல்லிச்சு. அந்தத் தொழிலாளிக்கு முதல்ல பணத்தைக் கொடுத்துட்டு, அப்புறம் வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொன்னாங்க. அந்த ஓனர் இடத்துல நீங்க இருந்தா, பிஎஃப் பணம் முழுக்க அதுலயே போயிடும்.

"ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கே?"

உண்மைதான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கும், தானா ஏத்தி இறக்கற விவசாய டிரெய்லருக்கும் ஜிஎஸ்டி 12%-ல இருந்து 5% ஆச்சு. முன்னாடி 2 லட்சம் கொடுத்தது இப்போ 1,87,500 ஆகும். 12,500 மிச்சம். ஆனா 75 நடைங்கறது இதனால 20 நடையா மாறாது.

சரி, அந்த ரெண்டு நாள் காத்திருப்பு?

வாடகையோட உண்மையான கஷ்டம் இதுதான், நான் மறுக்கல. அறுவடை நேரத்துல எல்லாருக்கும் ஒரே நாள்ல டிராக்டர் வேணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. டிரெய்லர் நம்முதா இருந்திருந்தாலும் அன்னைக்கு இழுக்க டிராக்டர் வந்திருக்காது!

அதனால நாங்க இப்படிச் செஞ்சோம். அறுவடைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே டிராக்டர்காரருக்கு முன்பணம். அன்னைக்கு மட்டும் நடைக்கு 200 கூட. நல்ல கனமான தார்ப்பாய் ரெண்டு. உழவு மாதிரி வேலைகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்குல டிராக்டர் வாடகைக்குத் தர்றாங்க, உழவன் செயலியில பாருங்க.

தினமும் புல்லு, சாணி, உர மூட்டை இழுக்க ஒரு ரெண்டு சக்கர தள்ளுவண்டி வாங்கினோம். 10,000 கூட ஆகல. அது தினம் ஓடுது. அப்பா கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில்.

கணக்கு தேறுது, வாங்கியே ஆகணும்னா:

- வயல், சந்துன்னு குறுகலான இடம்னா ரெண்டு சக்கர டிரெய்லர் எடுங்க. ரிவர்ஸ் எடுக்க சுலபம். நாலு சக்கரம் நிறைய ஏத்தும், ஆனா திருப்பறது கஷ்டம்.
- எரு, மண்ணு அதிகம்னா ஹைட்ராலிக் டிப்பர். இறக்கற கூலி மிச்சம்.
- இழுக்கப் போற டிராக்டரோட ஹெச்பிக்கு ஏத்த சைஸ் மட்டும்.
- பழசுன்னா குனிஞ்சு அடியில துரு, ஆக்சில், கொக்கி பாருங்க. ஆர்சி பேரும் நம்பரும் பாருங்க.
- பின்னாடி ரிஃப்ளெக்டர் ஒட்டாம ராத்திரி ரோட்டுல ஏத்தாதீங்க.

லோன் ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போட்டு, "போன வருஷம் எத்தனை நடை ஓட்டினோம்?"னு கேளுங்க. அந்த எண்ணை கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல உங்க கணக்கையே எடுத்துப் பேசுவோம்.