திருகோணமலை: சபையில்லாத தலைநகர்

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் இராணுவத்தைக் கடக்க வேண்டும். பிரட்ரிக் கோட்டை இன்றும் ஒரு முகாம். கோயில் வீதி அதனூடாகவே போகிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள். நுழைவாசலில் இணைக்கயல் சின்னமும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இன்னும் இருக்கின்றன. மான்களைப் படம் பிடிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் அதை அண்ணாந்து பார்க்கிறார்களோ தெரியாது. 1950இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்கள் மீள்கட்டுமானத்துக்கு உந்துதலாயின. 1963இல் குடமுழுக்கு நடந்தது.

இந்த ஊரில் மரபுரிமை என்று யாராவது பேசத் தொடங்கினால் சனங்கள் முதலில் தேடுவது காணி உறுதியைத்தான். காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருள்களைப் பாதுகாக்கவென ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அமைத்த செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமிக்கப்பட்டவர்களில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பெரும்பான்மையானவர்களைக் கேட்காமலே அவர்களின் மண்ணுக்கு வரலாறு எழுத முடியும் என்பதுதான் அந்த நியமனம் சொன்ன சேதி. இதில் தமிழரும் முஸ்லிம்களும் தனித்தனியாக முறையிட்டுக்கொண்டிருப்பது எங்கள் பலவீனம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே இரவோடிரவாக புத்தர் சிலை வைக்கப்பட்டபோது நகரம் ஹர்த்தாலில் முடங்கியது. அதை எதிர்த்து முன்னின்ற வ. விக்னேஸ்வரன் 2006 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டார். இருபது வருடம் கழித்து, 2025 நவம்பரில், கடற்கரையில் வைக்கப்பட்ட சிலையொன்றைப் பொலிஸார் இரவில் அகற்றினார்கள். மறுநாளே அது திரும்பி வந்தது. ஆட்சி மாறியிருந்தது, அந்த ஒரு நாளில் தெரிந்த அச்சம் மட்டும் பழையது.

தலைநகர் என்ற பெயருக்கு வருவோம். 1988இல் இணைந்த வடக்கு கிழக்கின் தலைநகரானது திருமலை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றது. கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை, ஆளுநர்தான். ஆக, கட்டடங்களும் வாகனங்களும் உண்டு, வாக்களித்துத் தெரிவானவர்கள் இல்லை.

அதே காலத்தில்தான் துறைமுகத்தின் பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டன. பிரித்தானியர் விட்டுப்போன சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் 61ஐ பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் கூட்டாக அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்படிக்கை வந்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் கைச்சாத்திட்டன. இவற்றைக் கேள்வி கேட்க மாகாணத்தில் ஓர் ஆசனம்கூட இருக்கவில்லை. 2006இல் இடம்பெயர்ந்து, வருடக்கணக்கில் முகாம்களில் இருந்து திரும்பிய சம்பூர்ச் சனங்கள் குடாவின் மறுகரையில் இருக்கிறார்கள். அவர்களின் ஊர்ப் பெயரில் இப்போது சூரிய மின்திட்டம் வருகிறது.