தழும்பு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படத்திறப்பு. தலைமை யார், முன்னிலை யார், பேசுவோர் யார் யார் என்று துண்டறிக்கை அச்சாகி, குமாரபாளையத்துச் சுவர்களிலே ஒட்டியும் ஆகிவிட்டது. இல்லாதது ஒன்றே ஒன்று. படம்!

சிரிக்காதீர்கள், தோழர்களே! மறைந்தவர் நாற்பதாண்டுக் காலம் விசைத்தறியின் முன்னே நின்றவர். கூட்டமென்றால் கொடி கட்ட முதல் ஆளாக வந்து, படமெடுக்கும்போது மட்டும் மற்றவர்களை முன்னே தள்ளிவிட்டுக் கடைசி ஆளாகப் போனவர். அடையாள அட்டையில் படம் இருந்தது. அதைக் காட்டியிருந்தால், 'யார் இது?' என்று அவரே கேட்டிருப்பார்! வீடு முழுதும் தேடியதில், ஒரு திருமணத்தில் எடுத்த கூட்டுப்படம் கிடைத்தது. அதிலும் ஓரத்தில்தான் நிற்கிறார். முகம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். தோளிலே யாரோ ஒருவர் கை. மடித்து வைத்ததால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல்.

கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் கெட்டிக்காரர், அரை மணியில் முடித்துவிட்டார். எப்படி முடித்தார்? தலையை வெட்டினார். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த வேறோர் உடலிலே ஒட்டினார். முகத்தை மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக்கினார். பின்னாலே ஊதா வானம்! பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அமைச்சர். அருகில் வந்து பார்த்தால் அவருமல்ல, எவருமல்ல.

அவருடைய துணைவியார் பார்த்தார். அழவில்லை. "இவரு யாருங்க, தம்பி?" என்றார். சற்றுநேரம் கழித்து, "புருவத்து மேலே இருந்த தழும்பு எங்கேங்க?" என்றார்.

தழும்பு! இருபத்தைந்து வயதிலே, ஓடுகிற தறியிலிருந்து தெறித்த நாடா புருவத்தைக் கிழித்ததால் வந்தது. நாற்பதாண்டு உழைப்புக்கு அந்தத் தொழில் தந்த நிரந்தரச் சொத்து அது ஒன்றுதான். அதையும் அழித்துவிட்டார்கள், அழகு செய்கிறோம் என்று!

கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. வாசலிலே இருபது பேர் பிளக்ஸுக்குக் காத்திருக்கும்போது, எந்தத் தழும்பை அவர் தேடுவார்? கோபமெல்லாம் என்மீதே. மேடையேறினால் மூன்று மணி நேரம் முழங்கத் தெரிகிறது. ஒரு தோழரின் முகத்தை முகமாக எடுத்துத் தரத் தெரியவில்லையே! படத்திறப்பை மூன்று வாரம் தள்ளி வைத்தோம். நான் ஒரு புத்தகம் வாங்கினேன்.

அடோபி நிறுவனத்தாரின் போட்டோஷாப் பயிற்சி நூல். 'கிளாஸ்ரூம் இன் எ புக்' என்று பெயர். ஏட்டுக்குள்ளே ஒரு வகுப்பறை என்று பொருள் கொள்ளலாம். பழைய புத்தகக் கடையிலே கிடைத்த பழைய பதிப்பு. ஆங்கிலம். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். ஒரு கையில் அகராதி, ஒரு கையில் மௌஸ். நண்பரின் அச்சகத்தில் வேலை முடிந்த பிறகு, இரவு பத்து மணிக்குமேல் கணினி எனக்கு!

"யூட்யூபிலே பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாமே, அண்ணே!" என்றார் ஓர் இளந்தோழர். பார்த்தேன். பத்துப் பேர் பத்து வித்தை காட்டினார்கள். 'இங்கே அழுத்து, அங்கே இழு' என்றார்கள். ஏன் அழுத்த வேண்டும், எதற்கு இழுக்க வேண்டும்? நான் பார்த்த பத்துப் பேரும் அதைச் சொல்லவில்லை. புத்தகமோ முதலிலே முடிந்த படத்தைக் காட்டுகிறது. பிறகு முடியாத படத்தை நம் கையிலே தந்து, 'இதை அதுவாக்கு' என்கிறது. தவறினால் அதே பக்கத்துக்குத் திரும்பலாம். பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் இடம் மாறிவிடுகின்றன என்பது உண்மைதான். புத்தகம் சொன்ன இடத்தில் இல்லாத ஒன்றைத் தேடியே ஓர் இரவு போயிற்று. போகட்டும்! தேடிய இரவிலே, தேடாத நாலு பொருளும் கண்ணில் பட்டன.

அந்தக் கருவிப் பட்டையிலே இரண்டு சின்னங்கள். ஒன்று குச்சியின் நுனியில் வட்டம். மற்றொன்று மனிதனின் கை. டாட்ஜ், பர்ன் என்று பெயர். என்ன கை இது? யாருடைய கை? இருட்டறைத் தொழிலாளியின் கை, தோழர்களே! தாளின்மீது ஒளி விழும்போது, குச்சியில் ஒட்டிய அட்டையால் மறைத்தால் அந்த இடம் வெளுக்கும். கையைக் குவித்து, இடுக்கு வழியே ஒளியைக் கூட்டினால் அந்த இடம் கறுக்கும். அந்த வேலையைத்தான் கணினிக்குள்ளே வைத்திருக்கிறார்கள். 1987-ல் இந்த மென்பொருளை எழுதத் தொடங்கியவர், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தாமஸ் நோல். துணை நின்றவர், திரைப்படத் தந்திரக் காட்சித் தொழிலில் இருந்த அவர் சகோதரர் ஜான் நோல். அவர்கள் தந்தை வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர்! 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பு வெளிவந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும், நெகடிவை விளக்கு மேசைமேல் வைத்து, கூர்சீவிய பென்சிலால் ரீடச்சிங் செய்தவர்கள் இருந்தார்கள். புது வித்தை என்று நாம் அஞ்சுகிறோமே, அதன் வேர் நம்மைப் போன்ற உழைப்பாளிகளின் விரல்களிலே இருக்கிறது.

லேயர் என்றொரு பாடம் இருக்கிறது. 1994-ல் மூன்றாம் பதிப்பிலே வந்த வசதி அது. படத்தின்மேல் கண்ணாடித் தாள் விரித்து, அதன்மேல் வேலை செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். பிழையானால் தாளை எடுத்துவிடலாம். அடியிலே மூலம் பழுதின்றி இருக்கும். முதலில் நகல் எடு, மூலத்தைத் தொடாதே. இதை எனக்குக் கடைக்காரர் சொல்லவில்லை, காணொளி சொல்லவில்லை. புத்தகம் சொல்லிற்று.

அடுத்து அளவு. மேடை உயரத்துக்குப் படம் வேண்டும் என்றனர் கிளைத் தோழர்கள். கணக்குப் போட்டேன். ஒரு சென்டிமீட்டர் முகத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று ஸ்கேன் செய்தால், முகத்தின் குறுக்கே சுமார் 470 புள்ளிகள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஆக, முகம் நாலு சென்டிமீட்டர் வரும். அதற்குமேல் பெரிதாக்கினால்? இல்லாத புள்ளியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். ஊகம் எப்படி அவர் முகமாகும்?

வெளுத்துப்போயிருந்த படத்தை, கறுப்புக்கு 0, வெளுப்புக்கு 255 என்ற அளவுகோலிலே நிறுத்திச் சீராக்கினேன். கீறலை குளோன் ஸ்டாம்ப் கொண்டு மூடினேன். பக்கத்து இடத்திலிருந்து எடுத்துப் பக்கத்திலேயே வைக்கிற வேலை. அப்போதுதான் கை நின்றது. கீறல் புருவத்துக்கு மிக அருகே போகிறது. எது தாளில் விழுந்த கீறல்? எது நாடா கிழித்த கோடு? அந்தக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்! இரண்டையும் ஒரே தேய்ப்பில் துடைத்துவிடும். வேறுபாடு தெரிந்தவர் அவருடைய துணைவியார். அவரை அருகே அமர்த்திக்கொண்டு, "இதுங்களா? இதுங்களா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு விரல்நகப் பரப்பை முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.

'இனி எதற்குப் படிப்பு? எந்திரமே எல்லாம் செய்துவிடுமே!' என்போர் உளர். 2023-ல், சொன்னதைத் தானே வரைந்து நிரப்பும் வசதியும் போட்டோஷாப்பில் வந்துவிட்டது உண்மைதான். கேட்டால் கோட்டும் தரும், வானமும் தரும், வழவழப்பும் தரும். தழும்பைத் தருமா? நாம் சொன்னால் ஏதோ ஒரு தழும்பைத் தரும்! எந்திரம் வலுக்க வலுக்க, எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அறிந்த ஆள் அதிகம் தேவைப்படுகிறான். மேடையிலே இல்லாத தலைவர் படத்திலே இருப்பதும், நூறு பேர் கூட்டம் ஆயிரமாகத் தெரிவதும் இந்த வித்தையாலேதான். செய்யக் கற்றவனுக்குத்தான் செய்ததைக் கண்டுபிடிக்கவும் தெரியும்.

காசு? நியாயமான கேள்வி. 2013 முதல் அடோபியார் இதன் புதுப் பதிப்புகளைச் சந்தாவுக்கே தருகிறார்கள். தறிக்கூலிக்கு அது பாரந்தான். ஆனால் ஜிம்ப் இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றும் இலவசம். லேயர் உண்டு, குளோன் உண்டு, டாட்ஜும் பர்னும் உண்டு. மென்பொருளைவிடப் பெரிய தடை மொழி. தமிழிலே இத்தகைய நூல்கள் வந்திருக்கின்றன, போதா! பெயர்கள் ஆங்கிலத்திலே இருந்து தொலையட்டும், காரணம் தமிழிலே இருக்க வேண்டும். தறிக்காரன், தையற்காரன், அச்சுக்கோத்த முதியவர் என்று எவர் பிரித்தாலும் புரிய வேண்டும். பாடத்துக்குரிய படங்களாக, எங்கோ இருக்கும் கடற்கரையை அல்ல, நம் வீட்டுச் சுவரிலே பூஞ்சை பிடித்துத் தொங்கும் படங்களைத் தரவேண்டும். படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை: நாளேடுகளுக்குப் பக்கத்திலே ஒரு பயிற்சி நூல், ஒரு பழைய கணினி. எங்கள் ஊர்ப் படிப்பகத்திலே வைத்தாயிற்று. புத்தகத்தின் அறுபதாம் பக்கத்திலே தேநீர்க் கறையும் பட்டாயிற்று.

படத்திறப்பு நடந்தது. சின்னப் படந்தான். "மாலை போட்டால் படமே மறைகிறதே!" என்று முணுமுணுத்தனர் சிலர். தோளிலே கிடந்த கையை நான் அழிக்கவில்லை. அழிக்க அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அழிக்கட்டுமா என்று துணைவியாரிடம் கேட்டேன்.

"இருக்கட்டுங்க, தம்பி. அது எங்க அண்ணன் மகன் கை. கல்யாண மாப்பிள்ளை. படத்துல நிக்கமாட்டேன்னு போனவரை அவன்தான் புடிச்சு நிறுத்தினான்" என்றார்.